கான்டெஸா வளைவில் படுக்காமல் இருக்க: பழைய காரின் சஸ்பென்ஷனைச் சீர்செய்யும் முறை

இந்துஸ்தான் மோட்டார்ஸின் பழைய கான்டெஸா கார் ஒன்றை வாங்கியவர் பெரும்பாலும் முதலில் எஞ்சினைப் பிரிக்கிறார், அடுத்து பெயின்ட் அடிக்கிறார், சீட்டுக்கு உறை தைக்கிறார். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவதையோ நான்காவதையோ திருப்பும்போதுதான், வண்டியின் முகம் ஒரு பக்கமும் பின்புறம் இன்னொரு பக்கமுமாகப் போவது அவருக்குத் தெரிகிறது. கீழே இறங்கி வந்து கேட்டால் கிடைக்கும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "ஷாக்க மாத்திட்டாச் செரியாப் போயிருமுங்க." ஷாக்கை, அதாவது ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரை, மாற்றிய பிறகும் வண்டி படுக்கத்தான் செய்யும், ஏனென்றால் ஒரு கார் வளைவில் எவ்வளவு சாய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஷாக் அன்று.

ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தும் சக்கரங்களை வண்டியோடு இணைத்துத் தாங்கும் சஸ்பென்ஷனில் இதுவரை கை வைக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். 30, 35 ஆண்டு ஓடிய ஒரு காரில் நாம் குறையாகக் காண்பவற்றில் பெரும்பகுதி வடிவமைப்பின் குறை அன்று, ரப்பரும் எஃகும் மூப்படைந்ததன் விளைவு. ஆகவே முதலில் வண்டியை அது பிறந்தபோது இருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும், அதற்குப் பிறகே அதைவிடச் சிறப்பாக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றியவர்கள் ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

பெரிய எஞ்சினும் வேகமும் கொண்ட அமெரிக்க மசில் கார்களுக்கு இணையாகக் கான்டெஸாவை நம்மூர் மசில் கார் என்று சொல்வதில் கொஞ்சம் மிகை உண்டு. 1984-இல் வந்த முதல் வண்டிகளில் இருந்தது அம்பாசடர் குடும்பத்து 1.5 லிட்டர் எஞ்சின், இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சின் அதற்குப் பின்னர்தான் வந்தது. ஆனால் எஞ்சினை விட்டுவிட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தால் உறவு நெருக்கமானது. கான்டெஸாவின் மூலம் இங்கிலாந்தின் வாக்ஸால் நிறுவனம் செய்த விக்டர் வரிசைக் கார், அந்த வாக்ஸால் 1925 முதல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தமாக இருந்தது. மசில் கார் என்ற வகைக்கே தொடக்கம் என்று பலரும் சொல்லும் 1964-ஆம் ஆண்டின் பான்டியாக் ஜிடிஓவும் அதே ஜெனரல் மோட்டார்ஸ் வீட்டுப் பிள்ளைதான். இரண்டிலும் முன்பக்கம் மேலும் கீழுமாகச் சக்கரத்தைப் பிடிக்கும் இரண்டு ஆர்ம்களும் அவற்றோடு சுருள் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. பின்பக்கம் உலக்கை போல இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு, அதை முன்பின் நகராமல் பிடிக்கும் ஆர்ம்கள், மேலே சுருள் ஸ்பிரிங். ஆகவே அமெரிக்கக் கார்களுக்குச் சொல்லப்படும் முறைகளில் பெரும்பாலானவை இதற்கும் பொருந்துகின்றன. பழைய ஃபோர்டு மஸ்டாங் வைத்திருக்கும் கொடுத்துவைத்தவர்களுக்கும், பிரீமியர் பத்மினி, அம்பாசடர் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கும் பின்பக்கம் வேறு, அங்கே சுருளுக்குப் பதில் பட்டை ஸ்பிரிங் இருக்கும்.

முதல் வேலை: அளப்பதும் ஆட்டிப் பார்ப்பதும்

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். சமமான தளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு டயர்களிலும் சரியான காற்றை வைத்து, டேங்கில் பாதி பெட்ரோலோடு, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை உள்ள உயரத்தை மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். டயரின் தேய்மானம் இந்த அளவைப் பாதிக்காது என்பதால்தான் தரையிலிருந்து அளக்காமல் சக்கர நடுவிலிருந்து அளக்கிறோம். இடது வலது உயரங்களுக்குள் 10 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஒரு ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது என்று முதலில் சந்தேகிக்கலாம். ஓட்டுநர் பக்கம் தாழ்ந்திருப்பதே பெரும்பாலும் கண்ணில் படும்.

அடுத்து டயரின் பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு: 2317 என்றிருந்தால் அந்த டயர் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஷெட்டில் நின்ற பழைய கார்களின் டயரில் பட்டன் தேயாமல் இருக்கும், ரப்பரோ கல்லாகியிருக்கும். அப்படிப்பட்ட டயரோடு செய்யும் எந்தச் சோதனையும் பொய் சொல்லும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு மலைப்பாதைக்குப் போக வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் ஆடி மாதத்தில், நேரான சாலை ஒன்றில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்ப் பாருங்கள். அம்மியைப் பறக்கவைக்கும் காற்று காரை அசைக்கத்தான் செய்யும். கவனிக்க வேண்டியது அது அசைவதை அன்று, நீங்கள் ஸ்டேரிங்கைத் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் நடுவே எவ்வளவு நேரம் காணாமல் போகிறது என்பதை. அந்த இடைவெளி இருந்தால் தேய்ந்த புஷ் (ஆர்ம் முனையின் ரப்பர்), பால் ஜாயின்ட் (ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு), டை ராட் எண்டு (ஸ்டேரிங் கம்பியின் முனை மூட்டு) ஆகியவற்றில்தான் முதலில் தேட வேண்டும். ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

பிறகு வண்டியைத் தூக்கிப் பார்க்கலாம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தூக்கிய வண்டியைத் தாங்க எஃகு ஸ்டாண்டுகள் வேண்டும். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ கூடாது, அவை முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட்டின் அல்லது பேரிங்கின் ஆட்டம் தெரியும், இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டின் ஆட்டம் தெரியும். ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும் கார்களில் இந்தச் சோதனையின்போது கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கியை வைத்துச் சற்றே உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் விசை ஜாயின்ட்டை இறுக்கிப் பிடித்து, தேய்ந்ததையும் நல்லதுபோலக் காட்டிவிடும். புஷ்களைக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தாலும், அதனுள் இருக்கும் எஃகு நடுக்குழல் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தாலும், அது முடிந்தது.

இரண்டாம் வேலை: ரப்பர்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். ஆர்ம்களின் முனைகளில் இருக்கும் கைப்பிடியளவு ரப்பர் புஷ்கள்தாம் சக்கரம் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதைக் காக்கின்றன. அவை தளர்ந்தால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னுக்கு நகர்கிறது, வளைவில் வெளிப்பக்கம் சாய்கிறது, சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடையில் செய்த கணக்கெல்லாம் கடை வாசலிலேயே நின்றுவிடுகிறது.

பழைய புஷ்ஷை வெளியே எடுப்பதற்குச் சிலர் கேஸ் கட்டரால் எரிப்பார்கள். எரியும் ரப்பரின் புகை கெடுதல், சூடேறிய ஆர்மும் பலமிழக்கலாம். இந்த விஷயத்தில் கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் குறையே இல்லை: கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கம் லேத் பட்டறைகள் நிறைய உள்ளன, பிரஸ் உள்ள ஒரு பட்டறைக்கு ஆர்மைக் கொண்டுபோனால் அளவான ஒரு குழலை அடியில் வைத்துப் புஷ்ஷை நேராகத் தள்ளி எடுத்து, புதியதையும் அதே பிரஸ்ஸில் ஏற்றித் தருவார்கள். உதிரிக் கடையில் சரியான புஷ் கிடைக்காதபோது, உங்கள் ஆர்மின் துளை அளவுக்கு எஃகு உறை கடைந்து கேட்கலாம். அளவெடுக்க ஆர்மையே கொண்டுபோங்கள், தேய்ந்த புஷ்ஷைக் கொண்டுபோகாதீர்கள்.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் போடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். அது ரப்பரைவிடக் கடினம், எண்ணெய்க்கும் வெயிலுக்கும் ஈடுகொடுக்கும். ஆனால் அதற்குரிய கிரீஸ் வைக்காவிட்டால் கிரீச்சிடும், சாலையின் ஒவ்வொரு கல்லையும் சீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். முன்பக்கக் கீழ் ஆர்மின் உள்முனைப் புஷ் ஒரே அச்சில் முன்னும் பின்னும் சுழல்வது மட்டுமே என்பதால் அங்கே பாலியூரித்தேன் நன்றாக வேலை செய்யும். பின் அச்சைப் பிடித்திருக்கும் நீள ஆர்ம்களில் அதைப் போட நான் சம்மதிக்க மாட்டேன். வண்டி ஒரு பக்கம் சாயும்போது அந்த ஆர்ம்கள் முறுக்கப்படுகின்றன. ரப்பர் அந்த முறுக்குக்கு இடம் கொடுக்கும், பாலியூரித்தேன் கொடுக்காது. விளைவாக ஆர்ம்கள் சாய்வையே எதிர்க்கத் தொடங்கி, பின்பக்கம் எதிர்பாராத நேரத்தில் வழுக்கும். ஆனால் அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி உள்ள வண்டிகளில், அதன் முனைகளுக்குக் கடினமான புஷ் போடுவதால் நன்மையே உண்டு. வளைவில் பின்பக்கம் தாமதமாகப் பின்தொடர்வது போன்ற அந்த உணர்வு பெரும்பாலும் இந்தக் கம்பியின் புஷ்ஷிலிருந்தே வருகிறது.

இனி நான் செய்த தவறு. புதிய ரப்பர் புஷ்கள் அனைத்தையும் ஏற்றி, வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போதே, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்த நிலையில், எல்லா போல்ட்டையும் முழு இறுக்கமாக முடுக்கிவிட்டேன். ரப்பர் புஷ்ஷில் நடுக்குழல் இறுகியதும் அது நகராது, ஆர்ம் அசையும்போதெல்லாம் ரப்பர்தான் முறுகிக் கொடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கியதால், வண்டியைக் கீழே இறக்கிய கணத்திலேயே ஒவ்வொரு புஷ்ஷும் முறுகிய நிலையில் மாட்டிக்கொண்டது. சில மாதங்களிலேயே அனைத்தும் கிழிந்தன. சரியான முறை இதுதான்: போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் போட்டு, வண்டியைச் சக்கரங்களில் இறக்கி, நான்கைந்து முறை மேலும் கீழும் அமுக்கி அதன் இயல்பான உயரத்தில் அமரவிட்டு, அந்த நிலையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். குழிப் பட்டறையோ நான்கு சக்கரமும் தாங்கும் லிஃப்டோ இருந்தால் இது எளிது. நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னைக் கழற்றிய பின் மறுபடி போடாதீர்கள். புதியதன் விலை ஒரு டீக்கும் குறைவு.

மூன்றாம் வேலை: ஷாக்

ரப்பர் வேலை முடிந்த இந்த நிலையில் வண்டியை ஒரு வாரம் ஓட்டுங்கள். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

ஸ்பிரிங் வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது, ஷாக் அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. மூலையை அமுக்கி விட்டால் வண்டி ஒரு முறை எழுந்து அமர்ந்துவிட வேண்டும், தொடர்ந்து ஆடினால் ஷாக் போய்விட்டது. உடம்பில் எண்ணெய் வழிந்திருந்தால் சோதனையே வேண்டாம். எப்போதும் ஓர் அச்சின் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கடையில் இருப்பதிலேயே கடினமான ஷாக்கைக் கேட்டு வாங்குவது நம்மிடம் உள்ள ஒரு பழக்கம். மென்மையான ஸ்பிரிங்கோடு மிகக் கடினமான ஷாக்கைச் சேர்த்தால் வேகத்தடையில் அமுங்கிய சக்கரம் அடுத்த குழிக்குள் இறங்குவதற்கு முன் குழியே கடந்துபோய்விடும். சக்கரம் அந்தரத்தில் இருக்கும் நேரத்தில் பிடிமானம் இல்லை. சமதளமான பந்தயப் பாதையில் ஓடும் கார் கல்லைப் போல இருப்பதற்குக் காரணம் உண்டு, செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீடுவேயில் வேகத்தடை இல்லை. நம் ஊர்ச் சாலைகளில் இருக்கிறது.

நான்காம் வேலை: ஸ்பிரிங்

இங்கேதான் உயிர் ஆபத்து இருக்கிறது. அமுங்கிய சுருள் ஸ்பிரிங் கைதவறி விடுபட்டால் எலும்பை முறிக்கும், அதைவிடக் கேடும் செய்யும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் முறையான கம்ப்ரஸர் இல்லாமலும், முன் அனுபவம் உள்ள ஒருவர் அருகில் இல்லாமலும் முன் ஸ்பிரிங்கைக் கழற்ற முயலாதீர்கள். இந்த ஒரு வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுவதில் வெட்கம் எதுவும் இல்லை.

வண்டியைத் தாழ்த்துவதற்காகச் சுருளில் ஒரு சுற்றை வெட்டிவிடும் வழக்கம் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெட்டினால் வண்டி தாழும், ஸ்பிரிங்கும் கடினமாகும், ஏனெனில் சுற்றுகளின் எண்ணிக்கை குறையக் குறைய விறைப்பு கூடும். ஆனால் எவ்வளவு கூடும் என்பதை வெட்டுபவர் தேர்ந்தெடுக்கவில்லை. வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராது. கட்டரின் சூடு எஃகின் பதத்தைக் கெடுக்கும். பெரிய குழியில் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் இடம்விட்டு நழுவவும் கூடும். விறைப்பு வேண்டுமென்றால் கம்பியின் பருமனைக் கூட்டிப் புதிதாகச் சுற்றச் சொல்வதே வழி. இதில் ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. 12 மில்லிமீட்டர் கம்பியை 13 மில்லிமீட்டராக்கினால், மற்ற அளவுகள் அப்படியே இருக்க, விறைப்பு ஏறத்தாழ 38 சதவீதம் கூடிவிடும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று சொல்லி இரண்டு கூட்டியவர்களின் வண்டி மாட்டுவண்டி போல ஓடுவதற்கு இதுவே காரணம். குடும்பத்தோடு போகும் காருக்கு முன்பக்கம் 20 முதல் 25 சதவீதம் கூட்டுவதே என் கருத்தில் போதும். தாழ்த்துவது 25 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். குறுக்குக் கம்பி உள்ள வண்டியைத் தாழ்த்தினால் பின் அச்சு ஒரு பக்கம் நகரும், நீளத்தைத் திருத்தக்கூடிய கம்பி போட்டு அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

பட்டை ஸ்பிரிங் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரிக்குப் பட்டை செய்பவர்களின் கைத்திறன் பெரியது. ஆனால் சோர்ந்த பட்டையைக் குளிர்ந்த நிலையில் தட்டி வளைவு ஏற்றினால் அது மீண்டும் சோரும். சூடேற்றிப் பதம் வைத்துத் தருகிறார்களா என்று கேட்டுவிட்டே கொடுங்கள்.

ஐந்தாம் வேலை: சாய்வைத் தடுக்கும் தண்டு

வளைவில் படுப்பதை நேரடியாகக் குறைப்பது முன்பக்கத்தில் இரு ஆர்ம்களையும் இணைக்கும் முறுக்குத் தண்டு. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கும்போது அது சும்மா சுழலும், ஒன்று ஏறி மற்றொன்று இறங்கும்போது மட்டுமே முறுகி எதிர்க்கும், ஆதலால் வண்டியின் மென்மையை அதிகம் கெடுக்காமல் சாய்வைக் குறைக்கிறது. இதிலும் நான்காம் மடிக் கணக்குதான்: 20 மில்லிமீட்டர் தண்டுக்குப் பதில் அதே வடிவில் 22 மில்லிமீட்டர் போட்டால் 46 சதவீதம் விறைப்பு கூடும். முதலில் இருக்கும் தண்டின் இணைப்பு ரப்பர்களைப் புதிதாக்கிப் பாருங்கள், அவை போயிருந்தால் தண்டு இருந்தும் இல்லாததுதான்.

பின்பக்கத்துக்கும் ஒரு தண்டு போடச் சொல்லும் நண்பர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். பின்பக்கம் விறைக்க விறைக்க, வளைவில் உள்பக்கச் சக்கரம் பாரத்தை இழந்து, வண்டியின் பின்புறம் வெளியே வீசத் தொடங்கும். சத்தியமங்கலத்திலிருந்து திம்பத்துக்கு ஏறும் 27 கொண்டை ஊசிகளில் மழை பெய்து ஈரமாக இருக்கும் ஒன்றில், பின்சக்கரத்தால் ஓடும் காரை அப்படித் தெரிந்துகொள்ள வேண்டாம். முன்பக்கம் முடித்து, ஒரு மழைக்காலம் ஓட்டிய பிறகு யோசிக்கலாம்.

கடைசி வேலை: டயரும் அலைன்மென்ட்டும்

அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களுக்குத் தொழிற்சாலை கொடுத்த அலைன்மென்ட் அளவுகள் பழைய வகையான பயஸ் டயருக்கானவை. இன்றைய வகையான ரேடியல் டயர் போட்ட பிறகும் அவற்றையே வைப்பதில் பொருளில்லை. ரேடியலுக்கு முன் சக்கரத்தின் தலை அரை டிகிரி உட்புறம் சாய்ந்தும், கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) 3 டிகிரி அளவில் பின்னோக்கியும், டோ இன் (இரு சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கி நெருங்கும் அளவு) 1 முதல் 2 மில்லிமீட்டராகவும் இருப்பது நல்ல தொடக்கம். கேஸ்டர் கூடினால் நேர்சாலையில் வண்டி தானாகவே நேராக நிற்கும், ஆடிக் காற்றிலும் அலையாது. பவர் ஸ்டேரிங் இல்லாத வண்டியில் நிறுத்தும்போது கை வலிக்கும் என்பது அதன் விலை. பல பழைய கார்களில் மேல் ஆர்முக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடுகளால்தான் இவை திருத்தப்படுகின்றன. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து டோவை மட்டும் திருப்பிவிட்டு அனுப்பும் கடையில் இதை எதிர்பார்க்காதீர்கள். தகடு மாற்றத் தெரியுமா என்று போனிலேயே கேளுங்கள். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடையளவுக்கு ஏதேனும் வைத்து அளந்தால் இன்னும் நல்லது. சஸ்பென்ஷன் வடிவத்தையே ஒரு படி மாற்றிப் பயன்கண்டவர்களும் உண்டு: 1965-ஆம் ஆண்டின் ஷெல்பி ஜிடி350-இல் மஸ்டாங்கின் மேல் ஆர்மை ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பொருத்தினார்கள், அதனால் வண்டி சாயும்போது வெளிச்சக்கரம் நிமிர்ந்து நின்றது. அந்த மாற்றத்துக்குத் துளையிடும் அளவுத்தகடும் கணக்கும் வேண்டும், முதல் முயற்சிக்கு அது உரியதன்று.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. தேய்ந்த பாகத்துக்கு அதே வகைப் பாகம் போடுவது பழுதுபார்த்தல். சேஸியில் வெல்டிங் வைத்து ஆர்மின் இடத்தை நகர்த்துவது வேறு. 50 ஆண்டைக் கடந்த காரை விண்டேஜ் என்று பதிவு செய்ய எண்ணுபவர்களுக்கு, 2021-இல் வந்த விதிகள் சேஸியிலும் உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கின்றன. ஆகவே கழற்றிய மூலப் பாகங்களை எடைக்குப் போடாமல், துடைத்து எண்ணெய் தடவி, எது எந்தப் பக்கம் என்று எழுதிக் கட்டி வையுங்கள்.

எல்லாம் முடிந்து 500 கிலோமீட்டர் ஓடியதும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எல்லா போல்ட்டையும் மீண்டும் டார்க் ரெஞ்சால் பாருங்கள், முதல் நாள் எழுதிய நான்கு உயரங்களையும் அதே நோட்டில் பக்கத்திலேயே எழுதுங்கள். புதிய ஸ்பிரிங் சில மில்லிமீட்டர் இறங்கி அமர்வது இயல்பு; அமர்ந்த பிறகு அலைன்மென்ட்டை இன்னொரு முறை வைத்தால்தான் அது நிலைக்கும்.